கடன் வாங்கிய பெயர்

“அவனா? சரியான எம்டன் ஆச்சே!” என்று முந்தைய தலைமுறைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். கண்டிப்பான அப்பா, எந்தப் பக்கம் பாய்வான் என்று பிடிபடாத எதிராளி, ஊரையே விற்றுவிட்டு ஒன்றும் தெரியாதவன்போல் நிற்கும் பயல் என்று எல்லாருக்கும் அந்தப் பட்டம் பொருந்தும். அது ஒரு போர்க்கப்பலின் பெயர். 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு சென்னைக்கு எதிரே வந்து நின்று, துறைமுகத்தை ஒட்டிய எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு இருட்டில் மறைந்த ஜெர்மானியக் கப்பல். குண்டு விழுந்ததன் நினைவாக உயர் நீதிமன்ற மதிலில் இன்றும் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 2006-இல் ‘எம்டன் மகன்’ என்று பெயர் வைத்த திரைப்படம், தமிழ்ப் பெயருள்ள படங்களுக்கு வரிவிலக்கு என்ற சலுகை வந்ததும் ‘எம் மகன்’ ஆயிற்று. தொண்ணூறு ஆண்டு நம்மிடையே புழங்கிய சொல்லுக்கு அப்போதும் குடியுரிமைச் சீட்டு கிடைக்கவில்லை.

எம்டன் என்பது வடகடல் ஓரத்தில் உள்ள ஒரு ஜெர்மன் துறைமுக ஊர். கப்பலுக்கு அந்த ஊரின் பெயரை வைத்தார்கள். ஆனால் அது நங்கூரம் இறக்கி, கரி ஏற்றி, மாலுமிகள் கரையிறங்கி பீர் குடித்த துறை ஜெர்மனியில் இல்லை. சீனாவின் ஷான்டோங் மாகாணத்தில் இருந்தது. 1914 ஜூலை 31 அன்று எம்டன் அங்கிருந்துதான் புறப்பட்டது. அந்தத் துறையின் பெயர் சிங்டாவ். கப்பலின் பெயர் நம் ஊரில் வசவாகவும் வியப்பாகவும் தங்கிவிட்டது. துறையின் பெயருக்காகச் சீனாவும் ஜப்பானும் எட்டு ஆண்டு மல்லுக்கட்டின. அந்த மல்லுக்கட்டைப் பெயர்களின் வழியாகவே பின்தொடரலாம். ஏனென்றால் அங்கே சண்டையே பெயர்களில்தான் ஒளிந்திருந்தது.

மலைக்குக் கிழக்கே

பெட்டிக்குள் பெட்டியாக மூன்று பெயர்கள் இருக்கின்றன. பெரிய பெட்டி ஷான்டோங், ஒரு மாகாணம். அதற்குள் ஜியாவ்சோவ், ஒரு விரிகுடாவும் அதைச் சுற்றிய நிலமும். அதற்குள் சிங்டாவ், ஒரு தீவும் அதன் எதிரே முளைத்த நகரமும்.

‘ஷான்’ என்றால் மலை. மூன்று கோடுகள் நிமிர்ந்து நிற்க, நடுக்கோடு மட்டும் சற்று உயர்ந்திருக்கும் எழுத்து அது. சீனம் தெரியாதவர்கூடப் பார்த்ததும் சிகரம் என்று சொல்லிவிடலாம். ‘டோங்’ என்றால் கிழக்கு. மரத்துக்குப் பின்னால் எழும் சூரியன் என்று அந்த எழுத்துக்குப் பழைய விளக்கம் சொல்வார்கள். இரு முனையும் கட்டிய மூட்டையின் படம்தான் அது என்கிறார்கள் இன்றைய எழுத்தாய்வாளர்கள். எப்படியோ, ஷான்டோங் என்றால் மலைக்குக் கிழக்கே.

எந்த மலைக்கு? திசையைச் சேர்த்து வைக்கும் பெயரில் எப்போதும் ஓர் ஆள் ஒளிந்து நிற்கிறான். மேற்கு மாம்பலம் என்றால் தண்டவாளத்துக்கு மேற்கு. சொல்பவன் தண்டவாளத்தை நடுவே வைத்துப் பார்க்கிறான். கி.மு. காலத்தில் மேற்கே இருந்த சின் அரசுக்குத் தன் எல்லை மலைக்கு அப்பால் கிழக்கே கிடந்த ஆறு நாடுகளுமே ‘ஷான்டோங்’தான். இன்று கேட்டால் டைஹாங் மலைத்தொடருக்குக் கிழக்கு என்பார்கள். 12-ஆம் நூற்றாண்டில் ஜுர்ச்சென் இனத்தாரின் ஜின் அரசு அதை ஆட்சிப் பிரிவின் பெயராக்கியது. மிங் அரசர்கள் காலத்தில் மாகாணத்தின் பெயராக நிலைத்தது. வெளியிலிருந்து பார்த்தவர்கள் வைத்த பெயர் அது. உள்ளூர்க்காரர்களின் பெருமைப் பெயர்கள் வேறு: ச்சீ, லூ என்ற இரண்டு பண்டை நாடுகள். கன்பூசியஸ் பிறந்தது லூ நாட்டில். ஷான்டோங்கில் ஓடும் கார்களின் எண்பலகையில் இன்றும் முதல் எழுத்து ‘லூ’.

அடுத்த பெட்டி ஜியாவ்சோவ். ‘சோவ்’ என்பது பழைய ஆட்சிப் பிரிவு. ‘ஜியாவ்’ அங்கே ஓடும் ஓர் ஆற்றின் பெயர். அந்த எழுத்துக்குப் பசை என்று பொருள். பின்னால் வந்தவர்கள் யாரும் எளிதில் கையை எடுக்கவில்லை என்பதைப் பார்த்தால், பொருத்தமாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஜெர்மானியர் இதைக் ‘கியாவ்ச்சோவ்’ என்றுதான் எழுதினார்கள். பழைய ஆங்கில நூல்களிலும் ‘கியாவ்சோவ்’தான். இன்று ‘ஜ’ என்று ஒலிக்கும் இடத்தில் ‘க’ எப்படி வந்தது? காது கேட்காத வெள்ளைக்காரன் கெடுத்தான் என்று நினைக்க வேண்டாம். அது பழைய சீன ஒலி. இகரம் பக்கத்தில் வந்தால் ககரம் முன்னண்ணத்துக்கு நகர்ந்துவிடும். நமக்கு அது புதிதில்லை: கன்னடர் ‘கிவி’ என்பதை நாம் ‘செவி’ என்கிறோம், அவர்கள் ‘கெம்பு’ என்னும் நிறம் நம்மிடம் ‘செம்மை’. பீகிங் பெய்ஜிங் ஆனதும் கியாவ் ஜியாவ் ஆனதும் அதே நாக்கின் அதே வேலை.

சிங்டாவின் முதல் ஒலிக்கும் இதே கதைதான், வேறு வாசல் வழியாக. அங்கே பழைய ஒலி ‘த்ஸ்’. அதுவும் இகரத்தின் முன் குழைந்து இன்றைய ‘ச்சி’ ஆயிற்று. மாற்றத்துக்கு முந்தைய உச்சரிப்பில் உறைந்துபோன எழுத்துக்கூட்டலை நீங்களே பார்த்திருக்கலாம். விமான நிலையக் கடைகளிலும் சீன உணவகங்களிலும் நிற்கும் பச்சைப் பாட்டில் பீரில் ஆங்கில எழுத்தில் ‘த்ஸிங்டாவ்’ என்றுதான் இருக்கும். 1903-இல் ஜெர்மானியரும் ஆங்கிலேயரும் சேர்ந்து தொடங்கிய மதுவாலை அது. 1916-இல் ஜப்பானிய நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. பின்பு சீனருடையது ஆயிற்று. கை மாறிய ஒவ்வொருவரும் ஆலையை வைத்துக்கொண்டார்கள். எழுத்துக்கூட்டல் மட்டும் பழசாகவே நின்றுவிட்டது.

பச்சையா, நீலமா?

‘டாவ்’ என்றால் தீவு. மலையின் மேல் ஒரு பறவை உட்கார்ந்திருப்பதுபோன்ற எழுத்து. கடலில் நிற்கும் மலை, அதில் இளைப்பாறும் பறவை. தீவு என்பதை இதைவிடச் சுருக்கமாக வரைய முடியாது. ‘ச்சிங்’ ஒரு நிறம். பச்சை என்பார்கள், நீலம் என்பார்கள், சில இடங்களில் கருமை என்றும் சொல்வார்கள். ஒரே சொல் மூன்று நிறத்துக்கு எப்படி என்று தமிழர் திகைக்கத் தேவையில்லை. ஒரே திருமாலைப் பச்சைமால் என்றும் நீலமேனி என்றும் கார்வண்ணன் என்றும் அழைத்துப் பழகியவர்கள் நாம். மரம் அடர்ந்த சிறு தீவு ஒன்றுக்கு மீனவர்கள் வைத்த பெயர் அது: பசுந்தீவு.

ஜப்பானியரின் வாயில் இந்தப் பெயருக்கு ஒரு வேடிக்கை நேர்ந்தது. சீன ஊர்ப்பெயர்களை அவர்கள் வழக்கமாகத் தங்கள் ஒலியில்தான் படிப்பார்கள். ஷான்டோங் அவர்களுக்குச் ‘சான்தோ’, ஜியாவ்சோவ் ‘கோஷூ’. ஆனால் இந்த ஊரை மட்டும் சீன ஒலியை ஒட்டிச் ‘சிந்தாவோ’ என்கிறார்கள். தங்கள் சொந்தச் சொற்களால் படித்தால் அதே இரண்டு எழுத்துகள் ‘அவோஷிமா’ ஆகிவிடும். அந்தப் பெயரில் ஜப்பானின் மியாசாகி கடற்கரையில் கோயிலோடு ஒரு தீவு ஏற்கெனவே இருக்கிறது. எழுத்து ஒன்று, தீவு இரண்டு. ஒன்று உள்ளூர்; மற்றொன்று அயலூர் என்பதை ஜப்பானிய நாக்கே பிரித்துக் காட்டுகிறது. அரசாங்கம் அந்த வேறுபாட்டைக் கடைப்பிடிக்கக் கொஞ்சம் நாளாயிற்று.

ஒரே ஒலியில் இரண்டு சொல்

1897 நவம்பர் 1 அன்று ஷான்டோங்கின் ஜூயே என்ற ஊரில் இரண்டு ஜெர்மானியப் பாதிரிமார் கொல்லப்பட்டார்கள். நல்ல துறைமுகம் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்த பெர்லினுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. இரண்டே வாரத்தில், நவம்பர் 14 அன்று, ஜெர்மன் கடற்படை ஜியாவ்சோவ் விரிகுடாவில் இறங்கியது. 1898 மார்ச் 6-இல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. விரிகுடாவைச் சுற்றி சுமார் 550 சதுர கிலோமீட்டர் நிலம் 99 ஆண்டுக்குக் குத்தகை. மாகாணத்துக்குள் ரயில்பாதை போடும் உரிமை. பாதையின் இருபுறமும் முப்பது லீ தொலைவுக்கு, அதாவது சுமார் 15 கிலோமீட்டருக்கு, சுரங்கம் தோண்டும் உரிமை. சிங்டாவிலிருந்து மாகாணத் தலைநகர் ஜினான் வரை ஏறத்தாழ 400 கிலோமீட்டர் ரயில் 1904-இல் ஓடத் தொடங்கியது. இடையில் 1899-இல் ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் புது நகரத்துக்குத் தீவின் பெயரையே சூட்டினார்.

அந்த ஒப்பந்தத்தில் ஒரு கொக்கி இருந்தது. குத்தகைக்கு எடுத்த நிலத்தை ஜெர்மனி வேறொரு வல்லரசுக்கு உள்குத்தகை விடக் கூடாது. வாடகை வீட்டில் குடியிருப்பவன் மேல்வாடகைக்கு விடக் கூடாது என்று நாம் பத்திரத்தில் எழுதுவோமே, அதேதான். இந்த வரி பின்னால் பெரிய வேலை செய்யும்.

இங்கே ஒரு சீனச் சொல்லை அருகே வைத்துப் பார்க்க வேண்டும். குத்தகை நிலத்துக்குச் சீனத்தில் ‘த்ஸூஜியே’. வாடகை, கடன் என்ற இரண்டு எழுத்துகள் சேர்ந்த சொல். வாடகைக்கு இரவல் கொடுத்தது என்று வைத்துக்கொள்ளலாம். நிலத்தின் இறையாண்மை கொடுத்தவனுடையது. ஷாங்காய் போன்ற துறைமுக நகரங்களில் வெளிநாட்டார் தாங்களே வரி வாங்கி, தாங்களே போலீஸ் வைத்து நடத்திய குடியேற்றப் பகுதிகளுக்கும் சீனத்தில் ‘த்ஸூஜியே’தான் பெயர். ஒலியும் அதே, தொனியும் அதே. இரண்டாவது எழுத்து மட்டும் வேறு: அது ‘எல்லை’. முன்னதில் நிலம் கடன். பின்னதில் நிலம் வேலி. காதுக்கு வேறுபாடு தெரியாது. காகிதத்தில் எழுதிக் காட்டினால்தான் தெரியும். ஜப்பானியத்தில் இந்தக் குழப்பம் இல்லை. அங்கே முன்னது ‘சோஷாகு’, பின்னது ‘சோகாய்’.

1914 ஆகஸ்டில் ஐரோப்பாவில் போர் மூண்டது. பிரிட்டனோடு நட்பு உடன்படிக்கை வைத்திருந்த ஜப்பான் ஆகஸ்ட் 15 அன்று ஜெர்மனிக்கு இறுதி எச்சரிக்கை அனுப்பியது: ஜியாவ்சோவ் குத்தகை நிலம் முழுவதையும் நிபந்தனையின்றி எங்களிடம் ஒப்படையுங்கள். எதற்காக? இறுதியில் சீனாவுக்குத் திருப்பித் தருவதற்காக. அந்த நோக்கம் எச்சரிக்கையிலேயே எழுதப்பட்டிருந்தது. ‘திருப்பித் தருதல்’ என்பதற்கு ஜப்பானியர் எழுதிய சொல்லின் முதல் எழுத்தைச் சீனர் ‘ஹுவான்’ என்று படிப்பார்கள். இந்த எழுத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து ஆண்டு கழித்து இது தெருவுக்கு வரும்.

ஜெர்மனி பதில் சொல்லவில்லை. ஆகஸ்ட் 23-இல் ஜப்பான் போர் அறிவித்தது. செப்டம்பர் 2 அன்று ஜப்பானியப் படை இறங்கியது குத்தகை நிலத்தில் அல்ல. வடக்கே வெகு தொலைவில், போரில் சேராத சீனாவின் லோங்கோவ் கடற்கரையில். அங்கிருந்து நடந்து, குத்தகை எல்லைக்கு மிகவும் வெளியே உள்ள ஜினான் வரை ரயில்பாதையையும் பிடித்துக்கொண்டது. பிரிட்டன் தன் பங்குக்கு வேல்ஸ் படையணி ஒன்றையும் 36-ஆம் சீக்கியப் படையணியில் பாதியையும் அனுப்பியது. நவம்பர் 7 அன்று சிங்டாவ் சரணடைந்தது. இரண்டு நாள் கழித்து, நவம்பர் 9 அன்று, இந்தியப் பெருங்கடலில் கோகோஸ் தீவுகள் அருகே எம்டன் ஆஸ்திரேலியக் கப்பலின் குண்டுக்கு இரையாயிற்று. வீடும் கப்பலும் ஒரே வாரத்தில் போயின.

சிறிய பெயரைக் கொடுத்துப் பெரிய பெயரை வாங்குவது

1915 ஜனவரி 18 அன்று ஜப்பானியத் தூதர் ஹியோகி எகி, சீனக் குடியரசுத் தலைவர் யுவான் ஷிகாயிடம் ஒரு பட்டியலைக் கொடுத்தார். வரலாறு அதை இருபத்தொரு கோரிக்கைகள் என்கிறது. ஐந்து தொகுதிகளில் முதல் தொகுதி முழுக்க ஷான்டோங். ஜெர்மனியின் உரிமைகளைக் குறித்து ஜப்பானும் ஜெர்மனியும் பின்னால் என்ன முடிவு செய்துகொண்டாலும் சீனா அதை ஏற்க வேண்டும் என்பது அதன் தலைப்பு வரி.

இரண்டு ஆவணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தந்திரம் பளிச்சென்று தெரியும். ஆகஸ்ட் எச்சரிக்கையில் திருப்பித் தருவதாகச் சொன்னது ‘ஜியாவ்சோவ்’. ஜனவரிப் பட்டியலில் கேட்டது ‘ஷான்டோங்’. திருப்பித் தருவது சிறிய பெட்டி. கேட்பது பெரிய பெட்டி. ரயில், சுரங்கம், வணிக உரிமைகள் எல்லாம் மாகாணத்தின் பெயரில் வந்தன. விரிகுடாவைக் கொடுத்துவிட்டாலும் அதற்குள் சரக்கு கொண்டுவரும் பாதையும் அந்தச் சரக்கைத் தரும் மண்ணும் கையில் இருக்குமானால் கொடுத்தவனுக்கு என்ன இழப்பு?

மே 7-இல் ஜப்பான் கெடு வைத்தது. 9-ஆம் தேதி யுவான் ஷிகாய் பணிந்தார். சீனர் அந்த நாளைத் தேசிய அவமான நாள் என்று நெடுங்காலம் நினைவுகூர்ந்தார்கள். மே 25 அன்று ஒப்பந்தங்களோடு ஒரு குறிப்பும் பரிமாறப்பட்டது. போர் முடிந்து ஜியாவ்சோவ் ஜப்பானின் விருப்பத்துக்கு விடப்பட்டால் அதைச் சீனாவுக்குத் திருப்பித் தருவோம். ஆனால் விரிகுடா முழுவதையும் வணிகத் துறைமுகமாகத் திறக்க வேண்டும், ஜப்பான் காட்டும் இடத்தில் ஜப்பானுக்கு மட்டுமான குடியேற்றப் பகுதி அமைய வேண்டும்.

இப்போது சீனக் காதோடு அதைக் கேட்டுப் பாருங்கள். த்ஸூஜியேயைத் திருப்பித் தருகிறோம், த்ஸூஜியே கொடுங்கள். கடனைத் தீர்த்துவிட்டு வேலி போட்டுக்கொள்கிறோம் என்பது பொருள். எழுத்தில் இரண்டாக இருந்தது ஒலியில் ஒன்றாகி, ஒலிதான் உண்மையைச் சொல்லிற்று.

‘மகிழ்ச்சியோடு’

ஒரே ஓர் அடைமொழி ஒரு நாட்டின் வழக்கைக் கெடுத்த கதையும் இதில் உண்டு.

1918 செப்டம்பர் 24. போர் முடியும் தறுவாய். பெய்ஜிங் அரசுக்குப் பணமுடை. ஜப்பானிடம் கடன் வாங்கிக்கொண்டிருந்தது. ஜப்பானிய வெளியுறவு அமைச்சர் கோதோ ஷிம்பெய், தோக்கியோவிலிருந்த சீனத் தூதர் ச்சாங் த்ஸொங்ஷியாங்குக்குக் கடிதம் எழுதினார். ரயில்பாதையைக் காக்கும் ஜப்பானியப் படை ஜினானில் ஒரு பிரிவைத் தவிர மற்றது சிங்டாவுக்கு நகரும்; ரயிலை இரு நாடும் சேர்ந்து நடத்தும்; இன்னும் சில ஏற்பாடுகள். ச்சாங் எழுதிய பதிலில் சீன அரசு இவற்றை ‘ஷின்ரான்’ ஒப்புக்கொள்கிறது என்று இருந்தது. ஷின்ரான் என்றால் மகிழ்ச்சியோடு, முகமலர்ச்சியோடு. நம் அலுவலகக் கடிதங்களில் ‘பணிவன்புடன்’ வந்து உட்காருவதுபோல ராஜதந்திரக் கடிதத்தில் வந்து உட்கார்ந்த மரியாதைச் சொல் அது. சில நாளில் புதிய ரயில்பாதைகளுக்கென்று 2 கோடி யென் முன்பணமும் வந்தது.

பாரிஸ் அமைதி மாநாட்டில் அந்தச் சொல் சீனாவின் கழுத்தைப் பிடித்தது.

1919 ஜனவரி 27 அன்று ஜப்பானியப் பிரதிநிதி மகினோ நொபுவாகி ஷான்டோங்கில் ஜெர்மனிக்கு இருந்த உரிமைகள் ஜப்பானுக்கு வர வேண்டும் என்றார். மறுநாள் எழுந்து பதில் சொன்னவர் கூ வெய்ஜுன். மேலை நாடுகளுக்கு வெலிங்டன் கூ. அமெரிக்காவில் முனைவர் பட்டம் வாங்கிய முப்பது வயதுக்காரர். ஷான்டோங் சீன நாகரிகத்தின் தொட்டில், கன்பூசியஸும் மென்சியஸும் பிறந்த மண், சீனருக்கு அது புனித பூமி என்று தொடங்கினார். பிறகு சட்டத்துக்கு வந்தார். 1917 ஆகஸ்டில் சீனா ஜெர்மனி மீது போர் அறிவித்தபோதே இரு நாட்டு ஒப்பந்தங்களும் செல்லாமல் போயின. குத்தகை முறிந்த நிலம் சொந்தக்காரனிடம் திரும்பிவிட்டது. அப்படி முறியவில்லை என்றாலும், வேறு வல்லரசுக்குக் கைமாற்ற ஜெர்மனிக்கு உரிமை கிடையாது. அந்த உள்குத்தகை வரியைத்தான் சொன்னார். சீனா சும்மாவும் இருக்கவில்லை. பிரிட்டன் தன் போர்முனைக்குப் பின்னால் அகழி வெட்டவும் மூட்டை தூக்கவும் திரட்டிய ஏறத்தாழ 95,000 சீனத் தொழிலாளரில் பெரும்பாலோர் ஷான்டோங் மக்கள்.

ஜப்பான் தரப்பிலும் வாதம் இருந்தது. படை நடத்தி ஜெர்மனியை வெளியேற்றியது நாங்கள். 1915-இல் ஒப்பந்தம் போட்டாயிற்று. 1917-இலேயே பிரிட்டனும் பிரான்சும் எங்கள் கோரிக்கையை ஆதரிப்பதாக ரகசியமாக வாக்குக் கொடுத்தாயிற்று. ஏப்ரலில் அமெரிக்கத் தலைவர் வில்சனே கேட்டார்: 1915 ஒப்பந்தம் மிரட்டி வாங்கியது, சரி, போர் முடியப்போகிற 1918-இல் ஏன் ஒப்புக்கொண்டீர்கள்? முந்தைய கட்டாயத்தின் தொடர்ச்சிதான் அதுவும் என்று சீனர் விளக்கினார்கள். ஆனால் காகிதத்தில் ‘மகிழ்ச்சியோடு’ என்று இருந்தது. அதே ஏப்ரலில் இனச் சமத்துவம் பற்றிய ஜப்பானின் தீர்மானம் தள்ளப்பட்டிருந்தது. இதிலும் தோற்றால் ஜப்பான் எழுந்து போய்விடும் என்ற அச்சம் வில்சனுக்கு.

ஏப்ரல் 30-இல் வில்சன், லாய்ட் ஜார்ஜ், கிளெமென்சோ மூவரும் ஜப்பான் பக்கம் முடிவெடுத்தார்கள். வெர்சாய் ஒப்பந்தத்தில் 156, 157, 158 ஆகிய மூன்று பிரிவுகள் அது. அந்தப் பகுதியின் தலைப்பு ‘ஷான்டோங்’. பெரிய பெட்டியின் பெயர்தான் ஏட்டில் ஏறியது. குத்தகை நிலம், ரயில், சுரங்கம், கடலடித் தந்திக் கம்பி வரை எல்லாம் ஜப்பானுக்கு. சீனாவுக்குத் திருப்பித் தருவது பற்றி அந்த மூன்று பிரிவுகளிலும் ஒரு சொல்லும் இல்லை. அதைத் தனியே செய்வோம் என்று ஜப்பான் வாய்மொழியாகச் சொன்னதோடு சரி.

திருப்பிக் கொடு

மே 4, ஞாயிற்றுக்கிழமை. பெய்ஜிங்கின் தியானன்மென் வாசலில் சுமார் 3,000 மாணவர்கள் கூடினார்கள். கையில் பிடித்த துணிப் பதாகைகளில் நான்கு எழுத்து: ‘ஹுவான் வோ ச்சிங்டாவ்’. எங்கள் சிங்டாவைத் திருப்பிக் கொடு.

இந்த நான்கு எழுத்துகளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். முதல் எழுத்து, 1914-இல் ஜப்பான் தன் எச்சரிக்கையில் எழுதிய அதே ‘ஹுவான்’. அங்கே அது வாக்குறுதி, இங்கே கட்டளை. கொடுத்த வாக்கையே குச்சியில் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். ‘ஹுவான் வோ’ என்று தொடங்குவதிலும் ஒரு நினைவு உண்டு. வடக்கை ஜுர்ச்சென் படைகளிடம் இழந்த 12-ஆம் நூற்றாண்டில் தளபதி யுவே ஃபேயின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பழைய முழக்கம், நாட்டின் ஆறுகளையும் மலைகளையும் திருப்பிக் கேட்பது. அதுவும் இப்படித்தான் தொடங்கும். ஷான்டோங் என்பதை ஆட்சிப் பெயராக்கியது அந்த ஜுர்ச்சென் அரசுதான் என்பது வரலாற்றின் குறும்பு.

பெயரையும் கவனியுங்கள். ராஜதந்திரிகள் ஜியாவ்சோவ் என்றும் ஷான்டோங் என்றும் காகிதத்தில் பெட்டி மாற்றிக்கொண்டிருக்க, மாணவர்கள் எடுத்துக்கொண்டது உள்ளதிலேயே சிறிய பெட்டியை. ஒப்பந்த வாசகமாக இல்லாமல் ஊராக, தீவாக, மரமும் பறவையுமாக மனத்தில் தெரியும் பெயரை. முழங்குவதற்கு ‘ஜெர்மானிய உரிமைகளின் வாரிசுரிமைச் சிக்கல்’ உதவாது.

ஊர்வலம், ஜப்பானுக்கு வளைந்துகொடுத்தவர் என்று மாணவர்கள் கருதிய அமைச்சர் த்ஸாவ் ருலின் வீட்டுக்குப் போயிற்று. அவர் தப்பிவிட்டார், வீடு எரிந்தது. உள்ளே அகப்பட்டு அடிவாங்கியவர் ச்சாங் த்ஸொங்ஷியாங். ‘மகிழ்ச்சியோடு’ என்று எழுதிய அதே தூதர். ஜூன் 28 அன்று வெர்சாயில் கையெழுத்து நாள். சீனப் பிரதிநிதிகளின் நாற்காலிகள் காலியாக இருந்தன.

‘உரையாடல்’ என்றொரு சொல்

அதன்பின் ஜப்பான் பலமுறை நேர்ப் பேச்சுக்கு அழைத்தது. சீனா மறுத்தது. நேரே உட்கார்ந்து பேசினால் வெர்சாயை ஒப்புக்கொண்டதாகிவிடும். பேசாவிட்டால் நிலம் வராது. இந்த முடிச்சை 1921-இல் வாஷிங்டன் மாநாட்டில் ஒரு சொல்லால் அவிழ்த்தார்கள். சீனரும் ஜப்பானியரும் மாநாட்டுக்கு வெளியே ‘உரையாடல்கள்’ நடத்துவார்கள். பிரிட்டனும் அமெரிக்காவும் பார்வையாளராகப் பக்கத்தில் உட்காரும். மாநாடு என்றால் ஜப்பான் வராது. நேர்ப் பேச்சு என்றால் சீனா வராது. உரையாடல் என்றதும் இருவரும் வந்தார்கள். கூ வெய்ஜுன் மறுபடியும் மேசையில் இருந்தார்.

டிசம்பர் 1-இல் தொடங்கி 36 அமர்வுகள். பெரும்பாலான நேரத்தைத் தின்றது நிலம் அல்ல, ரயில். ரயிலை வாங்கச் சீனா எப்படிப் பணம் கொடுப்பது என்பதில் கூட்டம் நாட்கணக்கில் நின்றது. ரொக்கமாகக் கொடுத்துவிடுகிறோம் என்றார்கள் சீனர். ஜப்பானியக் கடனாக இருக்கட்டும் என்றார்கள் எதிர்த்தரப்பினர். கடைசியில் 15 ஆண்டுக் கருவூலப் பத்திரம், ஐந்தாண்டுக்குப் பின் முன்னதாகவே தீர்க்கும் வசதி, தீரும்வரை போக்குவரத்து மேலாளர் ஜப்பானியர் என்று முடிந்தது. ஒப்பந்தத்தில் ரயிலின் ஜெர்மானிய மதிப்பு ஒரு மார்க் பிசகாமல் எழுதப்பட்டிருக்கிறது: 53,406,141 தங்க மார்க். ஜப்பான் செய்த மேம்பாடுகளையும் சேர்த்துக் கடைசியில் 4 கோடி யென்.

1922 பிப்ரவரி 4 அன்று கையெழுத்து. தலைப்பில் ஷான்டோங், முதல் பிரிவில் ஜியாவ்சோவ். இரண்டு பெட்டிகளும் முதல்முறையாகச் சேர்ந்து ஒரே கைக்கு, சீனக் கைக்கு, வந்தன. ஜப்பானுக்கு மட்டுமான குடியேற்றப் பகுதியைக் கேட்கமாட்டோம் என்று ஜப்பான் ஒரு பிரிவில் எழுதிக்கொடுத்தது. கடனும் போயிற்று, வேலியும் போயிற்று. டிசம்பர் 10-இல் சிங்டாவ் கைமாறியது.

கதை அங்கே முடியவில்லை. ஜப்பானியப் படைகள் 1927-லும் 1928-லும் மறுபடி ஷான்டோங்குக்குள் வந்தன. 1938-இல் சிங்டாவையே பிடித்தன. ஆனால் அது பீரங்கியின் கதை. பெயரை வைத்து ஆடிய ஆட்டம் 1922-இல் முடிந்துவிட்டது.

சின்னச் சிங்டாவ்

இன்று சிங்டாவ் கடற்கரையில் மே நான்கு சதுக்கம் என்று ஒரு திடல் இருக்கிறது. நடுவே செந்நிறத்தில் சுழன்றெழும் காற்றுபோல் ஒரு பெரிய சிற்பம். பெயர் ‘மே மாதக் காற்று’. முழக்கம் எழுந்தது பெய்ஜிங்கில் என்றாலும் அதன் கடைசி இரண்டு எழுத்துக்கு உரிய ஊர், அந்தத் தேதியைத் தன் திடலுக்குச் சூட்டிக்கொண்டது. ஜெர்மன் கால வீடுகளின் சிவப்பு ஓட்டுக் கூரைகளை அந்த நகரம் இடிக்கவில்லை. பீர் பாட்டிலில் பழைய எழுத்துக்கூட்டலையும் மாற்றவில்லை.

சரி, பெயருக்குச் சொந்தமான அந்தத் தீவு என்னவாயிற்று? இன்னும் அங்கேதான் இருக்கிறது. கரையோடு நீண்ட பாதையால் இணைத்துவிட்டார்கள். முனையில் ஜெர்மானியர் கட்டிய வெள்ளைக் கலங்கரை விளக்கம். ஜெர்மானியர் அதை ‘அர்கோனா’ என்றார்கள், ஜப்பானியர் ‘கதோ தீவு’ என்றார்கள். இரண்டும் போய்ச் சீனப் பெயரே வந்தது. ஆனால் பழைய பெயர் அப்படியே வரவில்லை. தீவிடமிருந்து எடுத்த பெயரில் இப்போது ஒரு கோடிப் பேர் வாழும் பெருநகரம் உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால் குழப்பம். எனவே மூத்தவளுக்கு ஒரு முன்னொட்டைக் கொடுத்தார்கள்: ‘ஷியாவ் ச்சிங்டாவ்’, சின்னச் சிங்டாவ்.

குத்தகை நிலம் திரும்பியது, ரயில் திரும்பியது, தந்திக் கம்பியும் திரும்பியது. தீவிடம் கடன் வாங்கிய பெயரை மட்டும் ஊர் திருப்பித் தரவில்லை.